புது பைக்கில் முதல் ஆயில் மாற்றம்: 300லா, 500லா, 3,000லா?

கேள்வி: புதிதாக 125 சிசி கியர் பைக் வாங்கி ஐந்து வாரம் ஆகிறது. 430 கி.மீ. ஓடியிருக்கிறது. 500 முதல் 750 கி.மீ.க்குள், அல்லது 60 நாளைக்குள் முதல் சர்வீஸுக்கு வரச் சொன்னார்கள் ஷோரூமில். எங்கள் தெரு மெக்கானிக்கோ, “300லேயே ஆயிலை மாற்றியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜின் சீஸ் ஆகிவிடும் (உள்ளே இறுகி நின்றுவிடும்)” என்கிறார். “ஃபுல் சிந்தெடிக் ஊற்றிவிட்டு 3,000 வரை தொடாதே” என்பது மச்சானின் யோசனை. அண்ணன் வாங்கிய காருக்கு 10,000 கி.மீ.யில்தான் முதல் ஆயில் மாற்றம் என்று எழுதியிருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது? நானே வீட்டில் மாற்றிக்கொள்ளலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: ஓடோமீட்டரில் 500 விழுந்ததும் வண்டியை ஷோரூமில் விடுங்கள். நாளைக்குச் சுமார் 12 கி.மீ. ஓட்டுகிறீர்கள், இன்னும் ஒரு வாரத்தில் அந்தக் கணக்கு வந்துவிடும். இப்போதே போன் செய்து நாள் பதிந்துகொண்டால் நல்லது. 750 வரை இடம் இருக்கிறதே என்று இழுக்க வேண்டாம். 500 வருவதற்குள் 60 நாள் முடிந்துவிட்டால், 350 கி.மீ.தான் ஓடியிருந்தாலும் போய்விட வேண்டும். கி.மீ., நாள் இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் கெடு.

உங்களுக்கு யோசனை சொன்ன எல்லோரும் ஆயில் எப்போது “கெட்டுப்போகும்” என்ற கணக்கில் பேசுகிறார்கள். 500 கி.மீ.யில் எந்த ஆயிலும் கெட்டுப்போகாது. முதல் ஆயிலை வெளியேற்றுவது அதில் கலந்திருக்கும் உலோகத் தூளுக்காக.

புது சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்காது. ஆயில் தங்குவதற்காகவே ஃபேக்டரியில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் போட்டிருப்பார்கள். பிஸ்டன் ரிங் அந்தக் கீறல்களின் கூரான முனைகளைத் தேய்த்துத் தேய்த்துத்தான் சுவரோடு படிந்து உட்காருகிறது. கியர் பற்களும் அப்படியே ஒன்றோடொன்று உரசிப் பொருந்துகின்றன. கிளட்ச் பிளேட்டிலிருந்து கொஞ்சம் தூள் உதிரும். அலுமினிய வார்ப்பில் ஒட்டியிருந்த பிசிறு, மூடிகளைப் பொருத்தும்போது உள்பக்கம் பிதுங்கிய பேஸ்ட், இவையும் சேரும். இந்தத் தேய்மானத்தில் பெரும்பகுதி முதல் சில நூறு கி.மீ.யிலேயே நடந்துவிடும், பிறகு வேகமாகக் குறையும்.

இந்தத் தூளெல்லாம் எங்கே போகிறது என்பதில்தான் காருக்கும் உங்கள் பைக்குக்கும் வித்தியாசம். காரில் மூன்று நான்கு லிட்டர் ஆயில் இருக்கிறது. அது ஓடும்போதெல்லாம் பேப்பர் ஃபில்டர் வழியாக வடிந்து வருகிறது. கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில். கிளட்ச் பிளேட்டின் தூள் இன்ஜின் ஆயிலில் கலக்க வழியே இல்லை. அதனால்தான் பல கார்களுக்கு 1,000 கி.மீ.யில் வெறும் பரிசோதனை மட்டும் செய்துவிட்டு, ஆயிலை 10,000 கி.மீ. அல்லது ஓராண்டில் மாற்றுகிறார்கள். அண்ணன் காரின் கணக்கு காருக்குச் சரி. முதல் ஆயிலை முன்கூட்டியே இறக்க வேண்டாம் என்று கையேட்டிலேயே சொல்லும் கார் கம்பெனிகளும் உண்டு.

உங்கள் பைக்கில் இருப்பது சுமார் ஒரு லிட்டர் ஆயில். இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் அந்த ஒரு லிட்டருக்குள்தான் குளிக்கின்றன. 100, 125 சிசி வண்டிகள் பலவற்றில் பேப்பர் ஃபில்டரே கிடையாது. அடியில் ஒரு கம்பிவலை, கிராங்க் தண்டின் முனையில் சுழன்று கனமான துகளை ஓரத்துக்கு ஒதுக்கும் ஒரு கிண்ண ஃபில்டர், அவ்வளவுதான். வலை பெரிய பிசிறைத் தடுக்கும். மாவு போன்ற நுண்தூள் தாராளமாகப் புகுந்து போகும். கிண்ண ஃபில்டரைச் சுத்தம் செய்ய வேண்டுமானால் வலப்பக்கக் கிளட்ச் கவரையே கழற்ற வேண்டும். அது பல ஆயிரம் கி.மீ.க்குப் பிறகு வரும் வேலை. ஆக, முதல் சில நூறு கி.மீ.யில் உதிர்ந்த தூளை வெளியேற்ற, இன்ஜின் அடியில் ஆயில் வடிக்கும் டிரெயின் போல்ட்டைத் திறப்பது ஒன்றே வழி. உங்கள் மாடலில் பேப்பர் ஃபில்டர் இருந்தால் (சில 125களிலும், 150க்கு மேற்பட்ட பலவற்றிலும் உண்டு) ஆயிலோடு சேர்த்து அதையும் மாற்றுகிறார்களா என்று கேளுங்கள்.

ஆயில் குறைவு, ஃபில்டர் இல்லை என்றால் முதல் மாற்றம் சீக்கிரம் வரும். இந்த விதி பைக்கோடு நிற்பதில்லை. தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் சின்ன பெட்ரோல் இன்ஜினில் சுமார் அரை லிட்டர் ஆயில்தான். பலவற்றுக்கு முதல் மாற்றம் 20 மணி நேர ஓட்டத்திலேயே வந்துவிடும். டிராக்டர்கள் பலவற்றுக்கு 50 மணி நேரம்.

உங்கள் மெக்கானிக் சொல்லும் 300க்கு வருவோம். 300லேயே மாற்றினால் இன்ஜினுக்கு ஒரு கெடுதலும் இல்லை. கைக்காசு போகும், அவ்வளவுதான். ஆனால் 500 வரை விட்டால் சீஸ் ஆகும் என்பது வீண் பயமுறுத்தல். பெரும்பாலும் ஆயில் அளவு குறைந்து ஓடினாலோ, கடுமையாகச் சூடேறினாலோதான் இன்ஜின் சீஸ் ஆகும். அதைவிட முக்கியம், வெளியில் ஆயில் மாற்றியதை ஷோரூமில் முதல் ஃப்ரீ சர்வீஸாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். சர்வீஸ் கூப்பனில் போட்டிருக்கும் கி.மீ.யும் நாளும் தாண்டிப்போனால், பின்னால் இன்ஜினில் பெரிய கோளாறு வரும்போது வாரண்டி பேசுவது சிரமம். எனவே எங்கே மாற்றினாலும் கூப்பனுக்குரிய நாளில் ஷோரூம் போய் முத்திரை வாங்கியே ஆக வேண்டும். ஃப்ரீ சர்வீஸ் என்றால் கூலி மட்டும் இலவசம். ஆயில், வாஷர், ஃபில்டருக்கு பில் போடுவார்கள். அது ஏமாற்று அல்ல, கையேட்டிலேயே இருக்கும்.

மச்சானின் யோசனையை ஏற்காதீர்கள். சிந்தெடிக் ஆயில் ஊற்றினால் ரிங் படியாது என்று ஒரு பேச்சு உண்டு. இன்றைய இன்ஜின்களுக்கு அது பெரிதாகப் பொருந்தாது. பிரச்சினை 3,000 கி.மீ. என்ற கணக்கில் இருக்கிறது. எவ்வளவு விலை உயர்ந்த ஆயிலானாலும் உள்ளே உதிர்ந்த இரும்புத் தூளைக் கரைத்துவிடாது; தூக்கிக்கொண்டு சுற்றத்தான் செய்யும். பேரிங், வால்வைத் திறக்கும் கேம், ஆயில் பம்ப் எல்லாவற்றையும் அந்தத் தூள் தேய்த்துக்கொண்டே இருக்கும். சிந்தெடிக் வேண்டுமென்றால் இரண்டாவது அல்லது மூன்றாவது மாற்றத்தில் ஊற்றுங்கள். முதல் மாற்றத்தில் கம்பெனி சொல்லும் சாதாரண ஆயிலே போதும்.

எந்த ஆயில் என்பதைக் கையேட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள், கடைக்காரர் நீட்டுவதை வைத்து அல்ல. மூன்று விஷயம் ஒத்துப்போக வேண்டும். ஒன்று, கெட்டித்தன்மை: 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40 என்று எழுதியிருக்கும். 10டபிள்யூ-30 கேட்கும் புது இன்ஜினில், “நம்ம ஊர் வெயிலுக்கு இதுதான் தாங்கும்” என்று 20டபிள்யூ-50 ஊற்றுபவர்கள் நிறைய. காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே இருக்கும் கேம் வரை கெட்டி ஆயில் ஏறத் தாமதமாகும், மைலேஜும் குறையும். இரண்டு, ஏபிஐ என்ற அமெரிக்கத் தரம்: எஸ்எல், எஸ்எம், எஸ்என் என்று வரும், கையேட்டில் உள்ளதோ அதற்கு அடுத்த எழுத்தோ இருக்கலாம். மூன்று, ஜாசோ என்ற ஜப்பானியத் தரக் குறியீடு. ஆயிலில் ஊறும் கிளட்ச் உள்ள கியர் வண்டிக்குப் பெரும்பாலும் எம்ஏ அல்லது எம்ஏ2. வழுக்கல் அதிகமுள்ள எம்பி, ஸ்கூட்டர்களுக்கானது. ஆனால் எம்பி ஆயிலுக்கென்றே கிளட்ச் வடிவமைத்த கியர் பைக்குகளும் நம் சந்தையில் ஓடுகின்றன. அதனால்தான் கையேட்டைப் பார்க்கச் சொல்கிறேன். கார் ஆயிலில் மிச்சமிருப்பதைப் பைக்கில் ஊற்றும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். எரிபொருளை மிச்சப்படுத்த அதில் சேர்க்கும் வழுக்குப் பொருள் கிளட்ச் பிளேட்டை நழுவ வைக்கும். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் சத்தம் ஏறும், வேகம் ஏறாது.

அளவில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். கையேட்டில் ஆயில் கொள்ளளவு இரண்டு எண்ணாக இருக்கும்: இன்ஜினை முழுக்கப் பிரித்துக் கோர்க்கும்போது ஊற்றுவது ஒன்று, டிரெயின் போல்ட்டைத் திறந்து வடித்த பிறகு ஊற்றுவது இன்னொன்று. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. அது முதலாவதைவிட 100, 200 மி.லி. குறைவாக இருக்கும். எவ்வளவு வடித்தாலும் கவர்களுக்குள்ளும் ஆயில் போகும் வழிகளிலும் பழைய ஆயில் கொஞ்சம் தங்கிவிடுவதுதான் காரணம். டப்பா 1 லிட்டர் என்பதற்காக முழு டப்பாவையும் கவிழ்த்தால் அளவு மீறும். மீறிய ஆயிலைக் கிராங்க் அடித்து நுரையாக்கும், இன்ஜின் இழுக்கத் திணறும், மூச்சுக்குழாய் வழியாக ஆயில் ஏர் ஃபில்டருக்குப் போய் அதை நனைக்கும். “புது வண்டி, சர்வீஸ் விட்ட மறுநாளே பிக்கப் இல்லை” என்று வரும் புகார்களில் முதலில் டிப்ஸ்டிக்கைத்தான் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) எடுத்துப் பார்க்க வேண்டும். மிச்சமான ஆயிலை மூடி வீட்டில் வைத்திருங்கள், டாப் அப் செய்ய உதவும்.

ஷோரூம் நாளன்று ஒரு சங்கதி. முதல் சர்வீஸில் டேப்பட் (வால்வை இயக்கும் பாகத்தில் விட வேண்டிய இடைவெளி) பார்த்துச் சரிசெய்வார்கள். அது இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது செய்ய வேண்டிய வேலை. ஆயில் வடிப்பதோ சூடாக இருக்கும்போது. இரண்டையும் அவசரத்தில் ஒன்றாக முடித்தால் டேப்பட் இடைவெளி தப்பாகும். முடிந்தால் முந்தின நாள் மாலையே வண்டியை விட்டுவிடுங்கள். காலையில் டேப்பட் முடித்து, பிறகு ஐந்து நிமிடம் ஓடவிட்டு ஆயிலை இறக்கட்டும். ஜாப் கார்டில் “டேப்பட் குளிர்ந்த நிலையில்” என்று எழுதச் சொல்லுங்கள். செயின் தளர்வு, கிளட்ச் கேபிளின் தளர்வு (பிளே) இரண்டும் புது வண்டியில் கண்டிப்பாக மாறியிருக்கும்; அவற்றையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

ஆயிலை உண்மையிலேயே மாற்றினார்களா, வெறும் டாப் அப் செய்து பில் போட்டார்களா என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. டிரெயின் போல்ட் தலையிலிருந்து இன்ஜின் மேல் வரை மார்க்கர் பேனாவால் ஒரு சின்னக் கோடு போட்டு வையுங்கள். போல்ட்டைக் கழற்றி மாட்டினால் கோடு அதே இடத்தில் பெரும்பாலும் சேராது. வண்டியை எடுக்கும் முன் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். புது ஆயில் தேன் நிறத்தில், பின்னால் இருக்கும் கோடு தெரிகிற தெளிவோடு இருக்கும். உள்ளே தங்கிய பழையதோடு கலப்பதால் லேசாக மங்கியிருப்பது சகஜம். கன்னங்கரேல் என்றிருந்தால் அங்கேயே கேளுங்கள்.

நீங்களே மாற்றலாமா என்றால், முதல் மாற்றத்தை ஷோரூமுக்கு விட்டுவிட்டு அடுத்ததிலிருந்து தாராளமாகச் செய்யலாம். வேலை எளிது, கவனம் வேண்டிய இடங்கள் மூன்று நான்குதான். நான்கைந்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு நிறுத்துங்கள். ஆயில் இளகும், அடியில் படிந்த தூளும் கலங்கி வரும். சமதளத்தில் சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். மேலே ஆயில் மூடியைத் திறந்துவிட்டுக் கீழே டிரெயின் போல்ட்டை ரிங் ஸ்பேனரால் கழற்றுங்கள். பெரும்பாலான சிறு பைக்குகளில் அது 17 நம்பர். ஓப்பன் ஸ்பேனர் போட்டால் தலை மழுங்கும். சொட்டு நிற்கும் வரை பத்து நிமிடமாவது வடியவிடுங்கள். ஸ்டார்ட் செய்யாமல் கிக்கரை இரண்டு மூன்று முறை மெதுவாக மிதித்தால் பம்பில் இருப்பதும் வரும். கிக்கர் இல்லாத வண்டியில் காத்திருப்பதே போதும்.

போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். விலை சில ரூபாய். பழையது ஒருமுறை நசுங்கிவிட்டது, மறுபடி போட்டால் கசியும். கசிகிறதே என்று போல்ட்டை இன்னும் முறுக்குவார்கள். அலுமினியத்தில் வெட்டிய மரை அறுந்துபோகும். பிறகு லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். முதலில் கையாலேயே முழுக்கத் திருகுங்கள், ஸ்பேனர் கடைசி இறுக்கத்துக்கு மட்டும். இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச் இருந்தால் கையேட்டில் சொன்ன அளவு வையுங்கள். இந்த ரகப் போல்ட்டுக்கு அது பொதுவாக 25 முதல் 30 நியூட்டன் மீட்டருக்குள் வரும். ஆயிலை அளவுக் குவளையில் எடுத்து ஊற்றி, மூன்று நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, நிறுத்தி மூன்று நிமிடம் கழித்து அளவு பாருங்கள். டிப்ஸ்டிக்கைத் திருகிப் பார்ப்பதா, திருகாமல் சும்மா வைத்துப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும். இதைத் தப்பாகச் செய்தால் அளவும் தப்பும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்த நிலையில் பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

நடுவில் டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றி “இன்ஜினைக் கழுவித் தருகிறேன்” என்று எந்த மெக்கானிக் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். முழுதாக வடியாது, தங்கியது புது ஆயிலை நீர்க்க வைக்கும், கிளட்ச் பிளேட்டிலும் ஊறும்.

ஷோரூமில் வடித்த முதல் ஆயிலைக் காட்டச் சொல்லி, வெயிலில் வைத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மினுமினுவென்று பொடி தெரிந்தால் பயப்பட ஒன்றுமில்லை, அதை வெளியேற்றத்தானே இந்தப் பாடு. காந்தத்தை விட்டால் கறுப்புக் களி போல ஒட்டும். அது கியர், ரிங் தேய்ந்த இரும்பு. நகத்தால் கிள்ளி எடுக்கும் அளவு செதில், சுருள், பல்லின் துண்டு என்று ஏதாவது வந்தால் அது சகஜம் அல்ல. போட்டோ எடுத்து, துண்டை ஒரு காகிதத்தில் மடித்து வைத்து, ஷோரூமில் எழுத்தில் புகார் கொடுங்கள். ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்து, அளவும் ஊற்றியதைவிடக் கூடியிருந்தால் இன்ஜெக்டர் கசிவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

60 நாள் கெடுவுக்கும் காரணம் இதை ஒட்டியதுதான். இரண்டு மூன்று கி.மீ. தூரத்தில் கடைத்தெருவுக்கு மட்டும் போய்வரும் வண்டியில் ஆயில் முழுச்சூடு அடைவதே இல்லை. எரிந்த பெட்ரோலிலிருந்து வரும் ஈரமும், எரியாமல் கீழே இறங்கும் பெட்ரோலும் ஆவியாகிப் போகாமல் ஆயிலிலேயே தங்கும். உங்கள் ஓட்டம் அப்படியானால் வாரம் ஒருமுறை இருபது கி.மீ.யாவது நிறுத்தாமல் ஓட்டுங்கள்.

நீங்கள் கேட்காவிட்டாலும் இன்னொன்று. 1,000 கி.மீ. வரை ஓட்டும் விதத்தில்தான் ரிங் படிவது தீர்மானமாகிறது. ஒரே வேகத்தில் நெடுநேரம் போகாதீர்கள். ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். ஃபுல்லாக முறுக்குவது கூடாது. ஆனால் எல்லோரும் பயப்படும் வேகத்தைவிட, டாப் கியரில் 20, 25 கி.மீ. வேகத்தில் இன்ஜினைத் திணற வைப்பது மோசம். ரொம்பவும் பூப்போல ஓட்டினாலும் ரிங்கைச் சுவரோடு அழுத்தும் வாயு அழுத்தம் போதாமல் சுவர் பளபளத்துப்போய், பின்னால் ஆயில் குடிக்கும் வண்டியாகிவிடும். டபுள்ஸ் வைத்துச் சிறுமலை ஏறும் யோசனை இருந்தால் முதல் சர்வீஸ் முடியட்டும். நின்ற இடத்தில் அரை மணி நேரம் ஐடிலில் ஓடவிட்டு இன்ஜினைப் பழக்குவது வேண்டாம். பலன் இல்லை, சூடுதான் மிச்சம்.

வீட்டில் ஸ்கூட்டர் இருந்தால் கணக்கு கொஞ்சம் வேறு. கிளட்ச் ஆயிலில் ஊறாது, இன்ஜின் ஆயிலும் முக்கால் லிட்டருக்குப் பக்கத்தில்தான். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் கியர் ஆயில் என்று தனியாக 100 மி.லி. சொச்சம் இருக்கும், ஷோரூமிலேயே மறந்துவிடுகிறார்கள். அதை எப்போது மாற்ற வேண்டும் என்று கையேட்டின் அட்டவணையில் பார்த்து, ஜாப் கார்டில் நீங்களே எழுதச் சொல்லுங்கள்.

வடித்த பழைய ஆயிலைச் செயினில் தடவாதீர்கள். தூள் நிறைந்த ஆயில் செயினையும் பல்சக்கரத்தையும் அரைக்கும். செயினுக்கு 90 நம்பர் கியர் ஆயில் அல்லது செயின் ஸ்பிரே. பழையதைச் சாக்கடையிலும் மண்ணிலும் ஊற்றாமல் மெக்கானிக் கடை டிரம்மில் கொடுத்துவிடுங்கள், அதை வாங்கிப் போக ஆள் வருவார்கள்.

இரண்டாவது மாற்றத்தைக் கம்பெனிகள் 3,000 முதல் 6,000 கி.மீ. வரை வெவ்வேறாகச் சொல்கின்றன. பேப்பர் ஃபில்டர் இல்லாத வண்டி என்றால், கையேட்டில் 6,000 என்று இருந்தாலும் இந்த ஒருமுறை 3,000லேயே மாற்றிவிடுங்கள். முதல் தடவை வடியாமல் தங்கிய தூள் இதில் வந்துவிடும். அதன் பிறகு கையேட்டின் கணக்குப்படி போகலாம். இடையில் 1,000 கி.மீ.க்கு ஒருமுறை டிப்ஸ்டிக்கைப் பார்த்து, கீழ்க்கோட்டை நெருங்கினால் அதே ரக ஆயிலை ஊற்றி நிரப்பிக்கொள்ளுங்கள்.